அவர்கள் கோபத்தில் சொல்கிறார்கள்

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

நீ ஃபோனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எனக்குப் பேச்சு வந்திருக்காது. "ம், சொல்லு" என்று நீ ஆரம்பிப்பாய். பிறகு நீயே நாலு கேள்வி கேட்டு, நீயே நாலு பதிலும் சொல்லி, "சரி, வச்சிடறேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன். மாமாவிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். வாங்கும்போது அவர், "உங்கக்கா இதைக் கிழிச்சாலும் எனக்குத் தெரியாது, என்னைக் கிழிச்சாலும் எனக்குத் தெரியாது. நான் வெறும் டிரைவர்" என்றார். கண்ணாடியைத் துடைத்தபடியேதான் சொன்னார். கட்டிய பெண்டாட்டிக்கும் கொழுந்தியாளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதில் அவருக்கும் சங்கடம்.

டிவியில் நீ கேட்டது உண்மைதான். "மேட்டு ஜனங்க மாகாணத்தை விட்டுத் தனியாப் போகணும்னு நிஜமாக் கேக்கல. கோவத்துல சொல்றாங்க. இதை நான் சொல்லல, எங்க ஆபீஸ்லயே வேலை பாக்கற அந்த ஊர்ப் பொண்ணு சொல்லுது" என்று மாகாண சபைத் தலைவர் சொன்னாரே, அந்தப் பெண் நான்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீ பேசியபோது, மேடைக்குக் கீழே சின்ன மேஜையில் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. வேலையில் இருப்பவளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்திருப்பாய். "தலைநகரத்துகிட்ட நீங்க எதைக் கேட்டு வாங்கினீங்களோ, அதையேதான் நாங்க உங்ககிட்ட கேக்கறோம். எங்க ஏரி, எங்க பள்ளிக்கூடம், எங்க ரோடு. முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி எங்களைக் கேளுங்க. மேட்டுக்குத் தனி சபை வேணுமா வேணாமான்னு எங்க ஊர்ல ஒரு ஓட்டு வையுங்க" என்றாய். அதை எழுதும்போது என் பென்சில் முனை உடைந்தது. பெருமையில்தான், அக்கா.

கூட்டம் முடிந்து சபைக் குழுவினர் உள்ளறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் உன்னைக் குறித்து, "அந்த பம்ப் ஹவுஸ் அம்மா மேல ஒரு கண்ணு இருக்கட்டும்" என்றார். இன்னொருவர் தலையாட்டினார். அப்போது தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ அந்த ஊர்தானேம்மா? நிஜமாவே பிரியணும்னு இருக்காங்களா?"

எனக்கு உன் முகம்தான் கண்ணில் நின்றது. எனக்கும் கொடுத்திருந்த டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அவங்க கோவத்துல சொல்றாங்க சார். அர்த்தம் அது இல்ல."

அவ்வளவுதான். உன்மேல் யாரும் கண் வைக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அது போய், மேட்டில் ஓட்டே தேவையில்லை என்ற முடிவாக நிற்கும் என்று நினைக்கவில்லை.

அம்மாவிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாய்?

உன் தங்கை


பிப்ரவரி 16

பூச்சிக்கு,

கிழிக்கவில்லை. அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன். கையெழுத்து அழகாக இருந்தது, மனசு வரவில்லை. அந்தக் கையெழுத்துக்கு வந்த கேடு.

சின்ன வயதில் ஊரே உன்னை வாயில்லாப்பூச்சி என்றது. நான்தான் 'வாயில்லா' என்பதை வெட்டிவிட்டுப் 'பூச்சி'யை மட்டும் வைத்துக்கொண்டேன். குழந்தை நாளைக்குப் பேசும், பேரில் எதற்கு அந்தக் குறை என்று. நாளைக்குப் பேசும், நாளைக்குப் பேசும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன். பூச்சி பேசிவிட்டது! ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வாக்கியம். அதுவும் எங்கள் கழுத்துக்குக் கத்தியாக.

வாத்தியார் வீட்டில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் போராட்டக் குழுவில் உள்ள அத்தனை பேரும். தலைவர் அதைச் சொன்னதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. வாத்தியார் மெதுவாக, "உங்க வீட்டுப் பொண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாப் படிச்சிருக்கு" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட எழுந்து வந்திருப்பேன். உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது. தலைநகரத்துக்கு எதிராக நாம் நடந்த ஊர்வலங்களில் நீ என் தோளில் உட்கார்ந்திருப்பாய். மேட்டு ஜனமும் நகரத்து ஜனமும் கலந்துதான் நடந்தோம். "எங்களைக் கேட்டு முடிவெடு" என்று கத்தித் தொண்டை கட்டியவர்கள் நாங்கள். மாகாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் சுயாட்சி வந்தது. வந்ததும் என்ன செய்தார்கள்? பிள்ளைகள் குறைவு என்று நம் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புகளை மூடினார்கள். கேட்டார்களா? நம் ஏரித் தண்ணீர் முழுக்கக் குழாயில் கீழே போகிறது, நமக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். கேட்டார்களா? தலைநகரம் ஏறி உட்கார்ந்திருந்த நாற்காலியில் இவர்கள் ஏறிக்கொண்டார்கள், நாற்காலி அப்படியே இருக்கிறது.

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்கிறாய். காப்பாற்றுகிறோம் என்றுதான் தலைநகரமும் சொல்லிக்கொண்டிருந்தது.

கோபத்தில் சொன்னதற்கு அர்த்தம் கிடையாது என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள்? கோபம் வந்தால்தானே மனுஷன் உள்ளதைச் சொல்கிறான்.

நாளை குழு கூடுகிறது. நகரத்துக்கு இறங்கும் பெரிய குழாயின் வால்வை மூடலாம் என்று பேச்சு. பம்ப் ஹவுஸ் சாவி யாரிடம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தலைவரிடம் போய்ச் சொல்லிக்கொள். இதுவும் கோபத்தில்தான் என்று சொல்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் டிவி பார்த்தாள். "சாப்பிட்டாளான்னு கேட்டு எழுது" என்றாள். கேட்டுவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

முதல் கடிதத்தில் நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் அதில் பாதிதான் இருந்தது. உன்னைக் காப்பாற்ற நினைத்தது உண்மை. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதை எழுதினால்தான் இனி உன்னிடம் எதையும் எழுத முடியும் என்று தோன்றுகிறது.

இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாள் முதல் நான் 'மேட்டுப் பொண்ணு'. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு கொஞ்சம் நின்று, பிறகு வேறு விஷயத்துக்குப் போகும். எல்லோருடைய அப்பாவும் ஏதாவது ஒரு ஆபீஸில் இருந்தவர்கள். ஃபைலை எப்படிக் கட்டுவது, யாரை சார் என்பது, யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதெல்லாம் அவர்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் கற்றேன். பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

அன்றைக்குத் தலைவர் கேட்டதும் அந்த அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அதுவரை நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், அக்கா. உட்கார்ந்ததும் அவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்ல வேண்டும் என்று வந்துவிட்டது. நான் அந்த மாதிரி மேட்டுப் பெண் இல்லை, உங்களைப் போல நிதானமானவள் என்று காட்டிக்கொள்ள ஆசை. என் வாயிலிருந்து வந்தது உன்னைப் பற்றிய வார்த்தை. ஆனால் அது சொன்னது என்னைப் பற்றி.

தலைவர் கெட்டவர் இல்லை. நீயும் ஒரு காலத்தில் அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தாய். அவர் சொல்வது இதுதான்: "மாகாணம் பொறந்து இன்னும் தவழவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள மேடு தனி, துறைமுகம் தனின்னு ஆளுக்கு ஒரு கையா இழுத்தா, தலைநகரம் வேடிக்கை பாத்துட்டு மொத்தத்தையும் மறுபடி வாரிக்கிட்டுப் போயிடும்." அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. உன்னிடம் மறைக்க மாட்டேன்: மேடு தனியாகப் போக வேண்டுமா என்று என்னைக் கேட்டால், எனக்கு இன்னும் தெரியவில்லை. மேட்டில் இருக்கிற மூன்று குடியிருப்புக்கு ஒரு சபையா, அதற்கு ஒரு டாக்டர் கிடைப்பாரா என்றெல்லாம் யோசிக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியவில்லை என்பதைத்தான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது, "என்னை எதுக்கு சார் கேக்கறீங்க, இப்பத்தானே எங்கக்கா சொல்லிட்டுப் போனாங்க" என்று சொல்லியிருக்கலாம். அதை இப்போது கண்ணாடி முன்னால் நன்றாகவே சொல்கிறேன்.

வால்வை மூடாதே. கீழே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. என் அறைத்தோழி அங்கே நர்ஸ். என்மேல் உள்ள கோபத்தைத் தண்ணீரில் காட்டாதே.

பூச்சி


மார்ச் 2

பூச்சிக்கு,

மூடிவிட்டோம். உன்மேல் உள்ள கோபத்தில் இல்லை. நீ அவ்வளவு பெரிய ஆள் இல்லை. குழுவில் எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன்.

நானும் அடுத்த ஷிஃப்ட் ஆபரேட்டரும் சேர்ந்துதான் சக்கரத்தைச் சுற்றினோம். அது லேசில் அசையவில்லை. கிரீஸைத் தடவி, கோணிச் சாக்கைச் சுற்றிப் பிடித்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். கடைசிச் சுற்றில் சத்தம் நின்றது. குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் அந்தச் சத்தம் எனக்கு என் மூச்சு மாதிரி, இருப்பதே தெரியாது. நின்றதும் காதை யாரோ பொத்தினது போல இருந்தது. வெளியே நின்ற ஜனம் கைதட்டியது. நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கிரீஸ் போகவே இல்லை.

சந்தோஷமாக இருந்ததா என்று நீ கேட்பாய். இருந்தது. முதல் நாள்.

பதிலுக்கு அவர்கள் சோதனைச் சாவடி போட்டு மேட்டு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். உன் மாமா வீட்டில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறார். "ஊருக்கு சுதந்திரம் கெடைக்கற வரைக்கும் எனக்கு லீவு. கெடைச்சப்புறம் இதைத் திரும்ப மாட்டத் தெரியுமான்னுதான் தெரியல" என்கிறார். இந்தக் கடிதம் தபாலில் சுற்றிக்கொண்டுதான் வரும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நேற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டே, "தனிக்குடித்தனம் போறவ அடுப்பைத் தூக்கிட்டுப் போகலாம், கெணத்தைத் தூக்கிட்டுப் போக முடியுமா?" என்றாள். "நீ மட்டும் கல்யாணமான ஆறாம் மாசமே மாமியார்கிட்டேருந்து தனியா வந்தியே" என்றேன். "வந்தேன். கெணத்துல அவங்க எறைக்கும்போது கயித்தை ஒளிச்சு வைக்கல" என்றாள். அவளோடு பேச முடியாது.

எரிச்சலுக்குமேல் எரிச்சல். குவாரி லைன் ஆட்கள் வேறு. கல் உடைக்க வந்தவர்கள். நம் எல்லைக்குள்தான் இருக்கிறார்கள், வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர்களுக்கு இருக்கிற ஒரே குழாய் நகரத்துப் பெரிய குழாயில், வால்வுக்குக் கீழே மாட்டினது. இங்கே மூடினால் அங்கேயும் நிற்கும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஒருத்தி இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாகப் பம்ப் ஹவுஸ் வாசலில் வந்து நிற்கிறாள்.

"எங்களுக்கும் நின்னு போச்சுக்கா."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா. உங்களுக்காகவும்தான் இதைச் செய்றோம்."

"எங்களை யாரும் கேக்கலையே."

எவ்வளவு வாய் பார். குடத்தை வாங்கி ஏரித் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தேன். இவர்கள் கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உன் தலைவர் வழிக்கு வரட்டும்.

நீ எழுதியிருந்த அந்த நாற்காலியைப் பற்றி இரண்டு முறை படித்தேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

இங்கே லாரியில் தண்ணீர் வருகிறது. விடுதி வாசலில் வரிசை. என் அறைத்தோழி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, "உங்க ஊர் கோவம் என்ன கனம் கனக்குது தெரியுமா? மூணு மாடி தூக்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அறைக்குள் வந்து, ஆஸ்பத்திரியில் அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று சிரிக்காமல் சொன்னாள். அவள் வாளியையும் நான்தான் இப்போது தூக்குகிறேன். வேண்டாம் என்கிறாள். விடுவதில்லை.

நேற்றுச் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். நீ ரேடியோவில் கேட்டிருக்க முடியாது. உங்கள் ரேடியோவைத்தான் மாமா பிரித்துப் போட்டுவிட்டாரே. அது மட்டும் காரணம் இல்லை.

மேட்டுக்குப் போலீஸை அனுப்பி வால்வைத் திறப்பது பற்றித்தான் பேச்சு. ஒரு உறுப்பினர் எழுந்து, "மேட்டு ஜனங்களுக்கே பிரியறதுல இஷ்டமில்லைன்னு நம்ம ரெக்கார்டுலயே இருக்கு. இது நாலு பேர் பண்ற ரகளை. நாலு பேரைத் தூக்கினா தண்ணி வந்துடும்" என்றார். மேஜையைத் தட்டினார்கள். அந்த நாலு பேரில் முதல் ஆள் யார் என்று எனக்குத் தெரியும். உன்னைத் தூக்குவதற்கு அவர்கள் கையில் இருந்தது என் வாக்கியம்.

பென்சிலை வைத்துவிட்டு எழுந்தேன். "சார்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை "சார்" என்றேன், அது எனக்கே சத்தமாகக் கேட்டது.

"அதைச் சொன்னது நான் சார். அவங்க இல்ல. என்னை யாரும் அனுப்பல, நானாச் சொன்னேன். தப்பாச் சொன்னேன். என்னைக் கேக்காதீங்க, அவங்களைக் கேளுங்க."

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் பேசுவதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதுகிறவள் நான்தானே, எழுதுகிறவள் எழுந்து நின்றால் யார் எழுதுவது? அன்றைக்கு டீ குடிக்கும்போது, யாரும் எழுதாத இடத்தில் முணுமுணுத்தது மாகாணம் முழுக்கக் கேட்டது. நேற்று எழுத வேண்டிய இடத்தில் உரக்கச் சொன்னது காற்றோடு போக இருந்தது. யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "உக்காரும்மா. நீ சொன்னதை நீயே எழுதிக்கோ" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். சுருக்கெழுத்து கைக்கு வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுசாக எழுதினேன். அதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டது.

பிறகு தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் எழுதினதை ஒரு தடவை முழுசாகப் படித்தார். பிறகு சொன்னார்: "நாங்க ஜெயில்ல இருந்தப்ப, தலைநகரத்துல எங்களைப் பத்தி ஒருத்தன் இதையேதான் சொன்னான். 'பசங்க கோவத்துல பேசறாங்க, நாலு நாள்ல சரியாயிடும்'னு. நம்ம ஊர்க்காரன். நல்லவன்தான். அவனை நான் இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கல." அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. தன்னைத்தானே அவர் மன்னித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

முடிவு நாளைக்கு அறிவிப்பாக வரும். போலீஸ் வராது. நீங்கள் வால்வைத் திறந்தால், மேட்டில் ஓட்டு வைப்பார்கள். மேட்டு ஜனம் என்ன சொல்கிறதோ அதுதான் பதில்.

என்னைச் சபையிலிருந்து பழைய ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். "எழுதறவ எழுதணும், பேசறவ பேசணும். ரெண்டும் செய்யறவளை அங்க உக்கார வைக்க முடியாதும்மா" என்றார் தலைவர். நியாயம்தான். இங்கே தூசி அதிகம், ஆள் குறைவு. எனக்கு ஒத்துப்போகிறது.

இதனால் நான் செய்தது சரியாகிவிட்டது என்று நினைக்கவில்லை. நீ கைதட்டல் கேட்டபடி கையைத் துடைத்துக்கொண்டே இருந்ததாக எழுதினாயே. அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பூச்சி


மார்ச் 19

என் பூச்சிக்கு,

வால்வைத் திறந்தோம். மூடுவதைவிடத் திறப்பது சுலபமாக இருந்தது. இந்நேரம் உன் மூன்றாவது மாடிக்கே ஏறியிருக்கும். அந்த நர்ஸ் பெண்ணிடம் நான் கேட்டதாகச் சொல். என்ன கேட்டேன் என்று சொல்வாய் என்று தெரியவில்லை, நீயே ஏதாவது... வேண்டாம், நீயாக ஒன்றும் சொல்லாதே. பஸ் விட்டதும் நானே வந்து சொல்கிறேன்.

உன் கடிதத்தை வாத்தியார் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "நீ சொன்னதை நீயே எழுதிக்கோ" என்ற இடத்தில் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாப் படிச்சிருக்கு" என்று மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை எனக்குச் சுடவில்லை. அம்மா, "ஃபைல் ரூம்ல ஜன்னல் இருக்கான்னு கேளு" என்றாள். இருக்கிறதா?

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் நல்ல கடிதமாக இருக்கும். உன் முதல் கடிதம் மாதிரி, பாதியோடு.

நேற்று முன்தினம் ஓட்டு ஏற்பாட்டுக்காக நகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வயது குறைவு, பயந்த சுபாவம், நாக்கைச் சுட்டுக்கொண்டு டீ குடித்தார். நல்ல பையன். எல்லைகளைப் பேசி முடித்துவிட்டு என்னைக் கேட்டார்: "குவாரி லைனும் உங்க பக்கம்தானே? ஆனா அவங்க வேற மாதிரி சொல்றாங்க. மேட்டோட சேர்ந்து ஓட்டுப் போட மாட்டோம், எங்களைத் தனியாக் கேளுங்கன்னு எங்க வண்டியை நிறுத்திச் சொன்னாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

வாத்தியார் சிரித்தார். "நாப்பது வீடு. அவங்களுக்கும் ஒரு சபையா?" மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு நான் சொன்னேன்:

"அவங்க கோவத்துல சொல்றாங்க சார். தண்ணி நின்ன கோவம். அர்த்தம் அது இல்ல."

அவர் எழுதிக்கொண்டார்.

பூச்சி, டீ கிளாஸ் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கும்போதுதான் என் காதில் விழுந்தது, இது யாருடைய வாக்கியம் என்று. நடுவில் தண்ணீரைச் சேர்த்ததைத் தவிர ஒரு சொல் மாறவில்லை. உனக்காவது அறை முழுக்க அந்நியர்கள், ஒரு நாற்காலி, ஒரு பயம் என்று ஏதோ இருந்தது. எனக்கு என்ன இருந்தது? என் ஊர், என் ஆட்கள், என் பம்ப் ஹவுஸ். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரையும் நான் காப்பாற்றவும் இல்லை. அவ்வளவு இலேசாக வந்தது. பல நாள் பழகிய வார்த்தை மாதிரி.

அதிகாரி ஜீப்பில் ஏறுமுன் ஓடிப்போய் நிறுத்தினேன். "நான் சொன்னதை அடிங்க சார்" என்றேன். "அப்ப என்ன எழுதட்டும்?" என்றார். "அவங்களைக் கேட்டுட்டு எழுதுங்க." "அப்படின்னா நான் நாளைக்குத்தான் ஊர் திரும்ப முடியும்" என்றார். "நாளைக்கே திரும்புங்க. வழியிலதான் குவாரி லைன்" என்றேன். வாத்தியாருக்கு என்மேல் கோபம். அவர் என்னோடு பேசுவதில்லை. எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் மேடே மிஞ்சாது என்கிறார். உன் தலைவர் சொன்ன அதே பேச்சு. எங்கே நிறுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை. நாற்பது வீட்டோடு நிற்குமா, ஒரு வீட்டுக்குள்ளேயே போகுமா? நான் படிக்கவில்லை, நீ படித்தாய், உனக்கும் தெரியவில்லை என்றாய். தெரியாது என்பதைச் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் கற்றுக்கொண்டேன்.

இன்று காலை ஷிஃப்ட் முடிந்ததும் குவாரி லைனுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்த வழியாகக் குழாயைப் பார்க்கப் போயிருக்கிறேன், அந்த வீடுகளைப் பார்க்கப் போனதில்லை. அந்தக் குடத்துக்காரி வாசலில் இருந்தாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு உங்களைக் கேக்காம மூடினது தப்பு" என்றேன். அவள் குழாயடியிலிருந்த குடத்தை நகர்த்தி வைத்தாள். "உங்களுக்கு என்ன வேணும்னு கேக்க வந்திருக்கேன்" என்றேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வாய் அரித்தது. தனி ஓட்டா, தனிக் குழாயா, எங்களோடா, நகரத்தோடா என்று நாலு கேள்வியும் நாலு பதிலும் நாக்கு நுனியில் வந்துவிட்டன. உன்னை எத்தனை தடவை இப்படிப் பேசவிடாமல் பேசியிருக்கிறேன் என்று அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. உன் பேரிலிருந்து வாயை வெட்டியது பாசத்தில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு எதிரே கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். அவள் உள்ளே போனாள், வந்தாள், துணி காயப்போட்டாள். பக்கத்து வீட்டு வாசல்களில் ஒவ்வொருவராக வந்து நின்று என்னைப் பார்க்கிறார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா